கடைசித் துண்டு

அந்த வியாழக்கிழமை காலை அச்சகத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரின் மனைவி இருந்தார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். டிரெடில் மிஷின் மிதிக்கிற அண்ணன் இருந்தார். ஈய எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வைக்கிற கேசுக்கு முன்னால் நான் இருந்தேன். எதிரே புளியமரத்தடியில் மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தினமும் வந்தார்.

ஆசிரியர் இல்லை. எட்டு மணிக்கே ஜீப் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தது. அவர் இருந்திருந்தால் எனக்கு இதை எழுத வேண்டிய வேலை இல்லை.

தருமபுரியில் ஒரு சந்துக்குள் எங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பில் புத்தகம் அடிப்போம். அதோடு வாரம் ஒரு பத்திரிகை, நாலு பக்கம், நானூறு பிரதி. வியாழக்கிழமை அச்சு. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கட்டு ஏறும். நல்லம்பள்ளி, பாப்பாரப்பட்டி, பென்னாகரம், ஏரியூர். அங்கங்கே ஒரு டீக்கடையோ வெற்றிலைக் கடையோ ஏஜெண்டு.

நான் ஐந்தாவது வரை படித்தவள். வேதக்காரக் குடும்பம், மானாவாரிக் காடு. மழை இல்லாத ஒரு வருஷம் எங்கள் பங்குச் சாமியார் என்னை மிஷன் அச்சகத்தில் விட்டார். பதினாலு வயது. அங்கே பழகிவிட்டுத்தான் இந்த அச்சகத்துக்கு வந்தேன். ஈய எழுத்தைக் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கையிலுள்ள ஸ்டிக் என்ற இரும்புச் சட்டத்தில் அடுக்குவது வேலை. எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி இருக்கும். பழகினால் அதுதான் நேராகத் தெரியும். தாளில் உள்ளதைக் கண் பார்க்கும், கை எடுக்கும். மனசு அதில் போகக்கூடாது. போனால் கை நின்றுவிடும். நான் அடுக்கின செய்தி என்ன என்று கேட்டால் பாதி நாள் எனக்குத் தெரியாது.

டிரெடில் அண்ணன் கிண்டல் பண்ணுவார். "பாதிரிமாருங்க உனக்கு எழுத்த மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. அர்த்தத்த அங்கியே பூட்டி வெச்சிக்கிட்டாங்க."

நான் சிரித்துக்கொள்வேன். உண்மைதானே.

எண்பதுகளின் ஆரம்பம் அது. தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று மலையோர ஊர்களில் போலீஸ் கேம்ப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில், கட்டி முடிக்காத ஆஸ்பத்திரியில், எங்கே கூரை இருந்ததோ அங்கே. போலீசுதான். ஆனால் லாரியையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு ஊர்ச் சனம் மிலிட்டரி என்றுதான் சொன்னது. "நம்மூர்ல இப்ப மிலிட்டரி ஆட்சிங்க" என்று டீக்கடையில் சிரிக்காமல் சொன்னார்கள். இருட்டினால் பஸ் கிடையாது. நாலு பேர் சேர்ந்து நின்றால் அடி. ஆள்களைக் கூட்டிப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. பெரிய பத்திரிகைகளில் போலீஸ் சொன்னது வந்தது. கூட்டிப் போனவர்களின் பெயர் எங்கள் நாலு பக்கத்தில் வந்தது.

ஆசிரியர் ஒல்லியான மனிதர். கூட்டுறவுச் சங்க வேலையை விட்டுவிட்டு வந்தவர். பேரு அச்சுல வந்துட்டா அந்த ஆளை இல்லைன்னு சொல்ல முடியாது என்பார். அது ஒன்றுதான் அவருடைய கொள்கை. கட்சி எதுவும் கிடையாது.

சட்டம் தவறவே மாட்டார். மிஷினிலிருந்து வரும் முதல் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கலெக்டர் ஆபீசுக்குப் போவார். பத்திரிகை நடத்துகிறவர் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பிரதி அது. மற்ற பத்திரிகைக்காரர்கள் மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கொடுப்பார்கள், கொடுக்காமலும் இருப்பார்கள். இவர் வாராவாரம் மை காயும் முன்னே கொடுத்து, ஒரு நோட்டில் முத்திரை வாங்கி வருவார். சட்டப்படி நடக்கிறவனை எதை வைத்துப் பிடிப்பார்கள் என்று கேட்பார்.

கேம்ப் அதிகாரி ஒரு நாள் நேரிலேயே வந்தார். அச்சுக்குப் போகும் முன்னால் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அதை எழுத்துல குடுங்க சார். மொதப் பக்கத்துலயே போட்டுடறேன்."

அதிகாரி எழுத்தில் தரவில்லை. செய்தி அனுப்புகிறது யார் என்று கேட்டார். ஆசிரியர் பத்திரிகையைப் புரட்டி, நாலாம் பக்கத்தின் அடியைக் காட்டினார். அச்சிட்டு வெளியிடுபவர் என்று அவருடைய பெயர் அங்கே இருக்கும்.

"இங்க ஒரு பேருதாங்க இருக்கும். என்னுது. அதுக்குத்தான் இந்த வரியே."

அடுத்த வாரம் நாலு பேர் வந்து எழுத்துக் கேஸ்களைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். தரை முழுக்க ஈயம். அள்ளிப் பிரித்துக் கட்டங்களில் போட ஒன்பது நாள் ஆனது. என்னோடு அடுக்கிக்கொண்டிருந்த இன்னொருத்தர் அன்றைக்குப் போனவர்தான், சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்க வரவில்லை. அக்கா எழுத்து அடுக்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு போலீசு வேறு வழி கண்டுபிடித்தது. வியாழக்கிழமை தோறும் ஆசிரியரை விசாரணை என்று கூப்பிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். மத்தியானம் அனுப்புவார்கள். பத்திரிகை தானாக நின்றுவிடும் என்று நினைத்தார்கள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. எழுதி வந்த தாளை முழுசாகத் தருவதில்லை. கத்தரியால் குறுக்கே வெட்டித் துண்டாக்குவது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அடுக்கினால் சீக்கிரம் முடியும். எங்கள் அச்சகத்தில் வெட்டுகிறவர் ஆசிரியர் மட்டும். அனுப்பினவர் பெயர் உள்ள கடைசித் துண்டைத் தனியாக வெட்டி, தன் கையால் அடுப்பில் போட்டுவிட்டு, மீதியைத்தான் எங்களிடம் தருவார். யார் எழுதினது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது என்பார்.

அன்றைக்கு ஜீப் வந்தபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்.

"டிராயர்ல ஏரியூர் சேதி இருக்குது. எப்படியாவது அது இந்த வாரம் போயாகணும்."

அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது. போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார்.

எடுத்துப் பார்த்தோம். அளவு நோட்டிலிருந்து கிழித்த மூன்று தாள்கள். தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, உயரம், மார்பு, இடுப்பு என்று கோடு போட்ட நோட்டு. ஏரியூர்ப் பக்கம் கேம்ப்பில் மூன்று பேரைப் பதிமூன்று நாளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி. பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருந்தது.

நான் வெட்டினேன். அதற்கு முன் வெட்டினதில்லை. ஆறு துண்டு. மேல் மூன்றை அக்காவுக்குக் கொடுத்தேன், கீழ் மூன்றை நான் எடுத்துக்கொண்டேன். முதல் துண்டின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் அனுப்பியவர் பெயர் போடக்கூடாது என்று எழுதியிருந்தார். அது அக்கா கையில் இருந்தது. அக்காவின் துண்டுகளில் அனுப்பியவர் பெயர் இல்லை, அதனால் சரிதான் என்று இருந்துவிட்டார். பெயர் என்னிடம் இருந்த கடைசித் துண்டில் இருந்தது. என் துண்டுகளில் சிவப்பு மை இல்லை. பெயருள்ள துண்டை ஆசிரியர் முன்பே வெட்டி எரித்திருப்பார் என்று நினைத்தேன்.

அடுக்கினேன்.

புரூஃப் எடுத்து ஒத்துப் பார்த்தோம். நான் துண்டைப் படிக்க, அக்கா புரூஃபைப் பார்த்தார். ஐந்து துண்டு முடிந்தபோது மரத்தடி போலீஸ்காரர் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். அக்கா புரூஃபைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த ஆள் நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தார். அக்கா வரும்வரை வேலை நிற்க வேண்டாம் என்று கடைசித் துண்டை நானே படித்து நானே பார்த்தேன். துண்டில் இருந்தது புரூஃபில் இருந்தது. ஒரு எழுத்து தப்பில்லை. சரி என்று குறி போட்டேன்.

ஆசிரியர் மூன்று மணிக்கு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பைப் பார்த்தார், மூன்று பேர் பெயரையும் பார்த்தார். என் முதுகைத் தட்டினார். அவர் யாரையும் தட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆபீஸ் மூடிவிடும் என்று இரண்டு பிரதியை மடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அடி வரியைப் பார்க்கவில்லை. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். கட்டுகள் முதல் பஸ்ஸிலேயே போயிருந்தன. அச்சான பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளைத் திரும்ப அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். அடுக்கும்போது மனசு போகாது என்றேன். பிரிக்கும்போது போகும். வரியைக் கையில் எடுத்து, முழு வார்த்தையாகப் படித்துத்தான் ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டும்.

முதல் பக்கத்தின் கடைசி வரியைக் கையில் எடுத்தேன். ஒரு ஆள் பெயர், தையல்கடை, ஏரியூர்.

இரண்டு எழுத்தைக் கட்டத்தில் போட்டுவிட்டேன். மூன்றாவது கையில் நின்றது.

கை தட்டி அக்காவைக் கூப்பிட்டேன்.

ஆசிரியர் வந்து பார்த்தார். ஒரு பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வெட்டுனது யாரு?"

"நான்தாங்க சார்."

"அந்தக் கடைசித் துண்டை வெட்டியிருக்கணும் நானு. புதன்கிழமையே வெட்டியிருக்கணும்" என்றார்.

அப்போதுதான் அந்தத் தையல்காரரைப் பற்றிச் சொன்னார். கேம்ப்பில் உடுப்பு தைக்கவும் பிரித்துத் தைக்கவும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளே போய் வருகிற ஒரே வெளி ஆள் அவர். அதனால்தான் செய்தி வந்தது. அந்த வரியைக் கேம்ப்பில் ஒருத்தர் படித்தால் முடிந்தது.

டிரெடில் அண்ணன் எல்லாப் பிரதியையும் கொளுத்திவிடலாம் என்றார். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மூணு பேரு?" என்று கேட்டார். மறுபடி அடுக்கி அடிக்கக் காகிதமும் இல்லை, நாளும் இல்லை. கடைசியில் இப்படி முடிவானது. எல்லாப் பிரதியையும் திரும்பப் பொறுக்கி வருவது. அந்த ஒரு வரி பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. பிளேடால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை மறுபடி கடைக்கு அனுப்புவது. வெட்டின துண்டுகளை எண்ண வேண்டும். எண்ணினால்தான் எத்தனை வெளியே நின்றது என்று தெரியும்.

"அவங்க நிறுத்தச் சொன்னப்பல்லாம் நிறுத்தல. இப்ப நானே பொறுக்கப் போறேன்" என்று ஆசிரியர் செருப்பை மாட்டினார்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கும் நல்லம்பள்ளிக்கும் போனார். அண்ணன் பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும். அக்கா பிளேடோடு அச்சகத்தில். நான் ஏரியூர் பஸ் ஏறினேன். நான்தான் போவேன் என்று சொன்னேன். போலீசு ஆம்பிளைகளைத்தான் பஸ்ஸில் இறக்கிச் சோதித்தது.

பதினொரு மணிக்கு இறங்கினேன். ஏஜெண்டு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்.

"வாங்கம்மா. நம்மூரு சேதி வந்தாத்தான் சனம் கையில காசோட வருது. வாரா வாரம் இப்படி ஒண்ணு போடச் சொல்லுங்க."

அச்சில் தப்பு, திரும்ப எடுத்துப் போகிறேன் என்றேன். நாற்பது அனுப்பியிருந்தோம். இருபத்தெட்டு கடையில் இருந்தது. எட்டு பேரை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு இடமாகப் போனேன். முடிவெட்டும் கடை, ரேஷன் கடை, மாவு மில். ஒருவர் அதில் வெல்லம் மடித்து வைத்திருந்தார், வெல்லத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு தாளை எடுத்தேன். முப்பத்தாறு ஆனது. மீதி நாலும் யார் வாங்கினார்கள் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து கையை நீட்டி வாங்கினவர்களாக இருக்கலாம் என்றார்.

"கேம்ப்புல வாங்குவாங்களா?"

"பன்னண்டு மணிக்கு ஒருத்தன் வருவான். எல்லாப் பேப்பரும் ஒண்ணொண்ணு எடுப்பான்."

இந்த வாரம் எங்கள் பத்திரிகை வரவில்லை என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றார்.

தையல்கடை ரோட்டோரமே இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும், காதில் பென்சில். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயர்தான் என் கைக்குத் தெரியும். பின்னால் பலகையில் காக்கிச் சட்டைகள் அடுக்கியிருந்தன.

சொன்னேன். வெட்டினது, அடுக்கினது, குறி போட்டது எல்லாம் நான்தான் என்று சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. அந்தத் தையல் முடிகிற வரைக்கும் மிதித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மூணு பேரு வந்திருக்குதுங்களா?"

"வந்திருக்குது."

"தப்பில்லாம?"

"தப்பில்லாம."

தலையை ஆட்டினார்.

இப்போதே பஸ் ஏறுங்கள் என்றேன். அவர் பின்னால் இருந்த காக்கியைக் காட்டினார். பதினொரு சட்டை. மூன்று மணிக்குக் கேம்ப்பில் கொடுக்க வேண்டும்.

"இதை வுட்டுட்டுப் போனா நான்தான்னு பலகை எழுதி மாட்டிட்டுப் போறாப்பல. பின்னாலயே வூடு. அவளும் ரெண்டு புள்ளைங்களும் இருக்காங்க. ஆளைத் தேடி வந்தா மொதல்ல அங்கதான் வருவாங்க. துணியக் குடுத்துட்டு, நூல் வாங்க பெங்களூரு போறேன்னு சொல்லிட்டு, நாலு மணி பஸ்ல கெளம்பிடறேன். சந்தேகம் வராது."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் எது சரி என்று சொல்லத் தெரியவில்லை.

பித்தான் இன்னும் வைக்கவில்லை. சட்டைக்கு ஒன்பது. ஊசியைக் கொடுங்கள் என்று பலகையில் உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும். இரண்டு பேரும் தைத்தோம். உள்ளிருந்து அவர் மனைவி இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் யார் என்று பார்த்துவிட்டுப் போனார். தருமபுரியில் பித்தான் வாங்குகிற கடையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தையல்காரர் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். ஒரு போலீஸ்காரருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைக் கதவு திறந்திருந்ததாம். மூன்று பேரும் சுவரோரம் இருந்தார்கள். அவர் டேப்பைக் கீழே போட்டு, எடுக்கக் குனிந்தபோது ஒருவர் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை இன்னொருவர். மூன்று பேர் பெயர் வாங்க நாலு தடவை போனாராம்.

"இடுப்பு முப்பத்தி நாலுன்னு எழுதி அதுக்குக் கீழ ஒரு பேரு. தோளு பதினெட்டுன்னு எழுதி ஒரு பேரு. நோட்டப் பிரிச்சுப் பார்த்தாங்க. யாரோ கிராக்கி பேருன்னு நெனச்சிட்டாங்க."

நான் தைத்த பித்தானை இழுத்துப் பார்த்தார். "ஈயம் அடுக்கற கை ஊசியும் பிடிக்குதே" என்றார். பிறகு, "மிலிட்டரிக்குப் பித்தான் வெச்ச பேப்பர்காரி நீங்க ஒருத்திதாங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது நினைவிருக்கிறது.

மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது சட்டைகளை மடித்து மூட்டை கட்டி சைக்கிளில் வைத்தார். இரண்டு வேட்டியும் ஒரு கத்தரியும் போட்ட பையை என்னிடம் கொடுத்தார். பையோடு போனால் கேட்பார்கள், டீக்கடையில் வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். நிழல் பக்கமாக சைக்கிளை மிதித்துப் போனார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் பை. காலடியில் முப்பத்தாறு பிரதி, மேலே வெல்லம்.

நாலு மணி பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். போனது.

ஐந்து மணி பஸ் வந்தது. போனது.

டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ வைத்தார். அது ஆடை கட்டிக் கிடந்தது.

ஆறு மணிக்குக் கடைசி பஸ். அதற்கு மேல் ரோட்டில் யாரும் நிற்க முடியாது. தையல்கடைக்குப் பின்னால் போய்ப் பையை அவர் மனைவியிடம் கொடுத்தேன். கேம்ப்பில் நேரமாகிறது போல என்றேன். பையைத் திறந்து கத்தரியைப் பார்த்தார். அவர் கடையை விட்டு எங்கேயும் கத்தரியை எடுத்துப் போனதில்லை என்றார். பஸ் ஹாரன் அடித்தது, வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எல்லாக் கட்டும் அச்சகத்தில் இருந்தது. பென்னாகரத்து ஏஜெண்டு சாவு வீட்டுக்குப் போயிருந்ததால் அங்கே கட்டு பெரும்பாலும் பிரிக்காமலே கிடைத்ததாக அண்ணன் சொன்னார். ஒரே ஒரு பிரதி தப்பியது. நல்லம்பள்ளியில் இரண்டு கிடைக்கவில்லை. பாப்பாரப்பட்டியிலும் பஸ் ஸ்டாண்டிலும் எல்லாம் கிடைத்துவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கும் ஆசிரியர் போயிருந்தார். அந்த இரண்டும் தட்டில் மேலாகவே கிடந்ததாம். கண்ணால் பார்த்தாராம். தப்பாக அச்சாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். முத்திரை வைத்த தாளைத் திருப்பித் தர ரூல் இல்லை என்று கிளார்க்கு சொல்லிவிட்டார்.

"ரூல் எனக்கே சொல்றாருங்க" என்றார் ஆசிரியர்.

அக்கா வெட்டினார், நான் வெட்டினேன். பின்பக்கத்தில் உரக்கடை விளம்பரத்தின் அடி வரியும் சேர்ந்து போனது. உரக்கடைக்காரர் கேட்கவில்லை. துண்டுகளை ஆசிரியர் எண்ணினார். நான் ஒரு தடவை எண்ணினேன். எண் ஒத்துப்போனது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். எத்தனை வெளியே நின்றது என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். வெட்டின பிரதிகளைச் சாயங்காலமே பஸ்ஸில் ஏற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியரே கேம்ப்புக்குப் போனார். தையல்காரர் எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்கள். சட்டை வந்ததா என்று கேட்டார். சட்டை வந்தது என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரில் இரண்டு பேரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் வெளியே வந்துவிட்டதால் வக்கீல் ஒருவர் மனு போட்டார். மூன்றாவது ஆளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. தையல்காரரைப் பற்றியும் சொல்லவில்லை. எந்தப் பிரதியால் தெரிந்தது என்றும் தெரியவில்லை. ஆசிரியர் சாகும்வரை தான் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டுதான் என்றார். நான் ஏரியூரில் விட்ட நாலு என்று நினைக்கிறேன். இதில் நாங்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

அடுத்த புதன்கிழமை அவர் மனைவி அச்சகத்துக்கு வந்தார். ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று கையில். எதிரே மரத்தடி ஆள் எழுந்து நின்று பார்த்தார். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரைக் கேம்ப்பில் வைத்துக்கொண்டார்கள் என்று பத்திரிகையில் போடச் சொன்னார். பெயர் இல்லாமல் போடலாம் என்றார் ஆசிரியர். பெயர் போட்டால் கோபத்தில் என்ன செய்வார்களோ என்றார்.

அந்த அம்மா மடியிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்துப் பலகையில் விரித்தார். அடியில் ஒரு வரி அகலத்துக்கு வெட்டியிருந்தது.

"இங்க என்ன இருந்துதுன்னு டீக்கடைக்காரரு சொல்லிட்டாருங்க. ஏற்கெனவே ஒருக்கா பொடிசாப் போட்டீங்க. இப்ப பெருசாப் போடுங்க."

ஆசிரியர் எழுந்து என்னிடம் வந்தார். இருக்கிறதில் பெரிய எழுத்து எது என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெயர் அடுக்குகிற எழுத்து இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். செய்தி தந்தவர் பெயரைப் போடுவதில்லை என்ற விதியை அன்றைக்கு அவரே விட்டார்.

இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பெயரை இரண்டு தடவை அடுக்கியிருக்கிறேன். அது போதும்.

அச்சகத்தை அதற்கு மூன்று மாதம் கழித்துப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அதுவரை ஒரு வாரம்கூடப் பத்திரிகை நிற்கவில்லை. தையல்காரர் திரும்பி வரவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். நான் ஸ்டிக்கில் அடுக்கும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். இடம் வலம் மாறி இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். படிக்க முடிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"பித்தான் வெக்க வந்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்தீங்களாமே. எத்தன வெளிய நின்னுச்சுங்க?"

சொல்ல வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் எழுத்தை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஒம்போது."